இரண்டாம் பம்ப்பின் சத்தம்

"இருக்கா?" என்று மேடம் கேட்டார்.

"இருக்கு மேடம்."

"போன வாரம் பார்த்த அதே இடத்துலயா?"

"அதே இடம். மயிரிழை கூட நகரல."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் கண்ணாடி சுத்தமாகும்.

எங்கள் வேலை நீர்மூழ்கிக் கப்பல்களைக் கேட்பது. விரிகுடாவின் அடியில் வரிசையாக மைக்குகள் கிடக்கின்றன. அவற்றின் கேபிள்கள் கரையேறி, ஒரு குழாய் வழியாக எங்கள் அறைக்கு வந்து சேர்கின்றன. பழுதுபார்த்து முடித்த ஒவ்வொரு நீர்மூழ்கியும், கடலுக்குப் போகுமுன் அந்த மைக்குகளுக்கு மேலே ஒருமுறை முங்கிப் போக வேண்டும். எவ்வளவு சத்தம் போடுகிறது என்று நாங்கள் சொல்வோம். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பது மாதிரிதான். இங்கே ஒன்றும் கேட்காவிட்டால் நோயாளி நலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் திரையை அருவி என்போம். சத்தங்கள் மேலிருந்து கீழே புள்ளிகளாக விழுந்துகொண்டே இருக்கும். கடல் மட்டும் இருந்தால் வெறும் தூறல். ஏதாவது ஒரு இயந்திரம் தண்ணீருக்குள் முனகினால், தூறலுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு நேராக இறங்கும். அன்று காலை ஸ்கேல் வைத்து இழுத்தது போல் ஒரு கோடு இறங்கியிருந்தது.

கோடு யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். போன வாரமே கப்பலை மெதுவாக ஓடவிட்டு, இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னோம். இரண்டாம் பம்ப்பை நிறுத்தியதும் கோடு அறுந்தது. ஓட்டியதும் ஒட்டிக்கொண்டது. மோட்டார் சூடாகாமல் இருக்கக் கடல்நீரை இழுத்துத் தரும் பம்ப் அது. அது இல்லாமல் கப்பல் நெடுந்தூரம் போக முடியாது. அதனால் அதைக் கழற்றிவிட்டுப் புதுப் பம்ப் வைத்தார்கள். இன்று மறுபடி அளந்தோம். பம்ப் மாறியிருந்தது. கோடு மாறவில்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"அம்மா, கேக்குதா? கப்பல் மேல வந்துடுச்சு. கேப்டன் கேக்கச் சொன்னாரு. பாஸா, பெயிலா?"

பேசியவர், ரேடியோ என்று நாங்கள் கூப்பிடும் ஆள். அளக்கும்போது வேறு படகுகள் உள்ளே வராமல் விரிகுடாவின் வாயில் காவல் படகோடு நிற்பவர். அந்தப் பெயர் அவருடைய வேலைக்காக வந்ததல்ல. வாய்க்காக வந்தது.

"பெயில்" என்றார் மேடம்.

"ஐயய்யோ. அந்த வார்த்தையை நான் எப்படி அவர்கிட்ட சொல்றது? கொஞ்சம் பூசி மெழுகி ஏதாவது குடுங்க."

"நேர்ல வந்து பேசறோம்னு சொல்லுங்க."

"அது பெயிலை விட மோசமால்ல இருக்கு!"

மேடம் ஸ்பீக்கரை அணைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கப்பலில் என் அண்ணன் இருக்கிறான். பம்ப் அறை அவன் பொறுப்பு. இதை மேடத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். வேறு யாரையாவது உட்காரவைப்பார் என்று நினைத்தேன். "அப்போ நீ இன்னும் நல்லாக் கேப்பே" என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கோட்டை ஏன் சும்மா விட முடியவில்லை என்றால், போன மாதம் இதே மாதிரி ஒரு கோட்டோடு இன்னொரு கப்பல் போனது. அது இதைவிட மெல்லியது, ஏதோ ஒரு மின்விசிறி. நாங்கள் சொன்னோம். சின்னதுதானே, பரவாயில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எல்லைக் கடலில் எதிர்த்தரப்பு விமானம் மிதக்கும் மைக்குகளை வரிசையாகப் போட்டு அந்த விசிறியைக் கண்டுபிடித்தது. கப்பல் அடித்தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. உள்ளே எல்லோரும் படுக்கையில் அசையாமல் கிடந்தார்களாம். காற்று கெட்டுப்போய், பேட்டரி தீர்ந்துபோய், கடைசியில் வேறு வழியில்லாமல் மேலே வந்தது. மேலே எதிர்த்தரப்புக் கப்பல்கள் காத்திருந்தன. அன்று யாரும் சுடவில்லை. சுட்டிருக்கலாம். அந்த ஆட்கள் திரும்பி வந்து துறைமுக மேடையில் இறங்கியதை நான் பார்த்தேன். ஒருவர் கூட வாய்விட்டுப் பேசவில்லை. அங்கே பழகிய பழக்கம் கரைக்கு வந்தும் போகவில்லை.

அண்ணனின் கப்பல் போகவிருந்ததும் அதே கடலுக்குத்தான்.

கேப்டனின் அலுவலகம் துறைமுக மேடையில் கப்பலுக்கு எதிரே வைத்த ஒரு இரும்பு கன்டெய்னர். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். நாங்கள் போனபோது பணிமனை இன்ஜினியர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"பம்ப் புதுசு, பேரிங் புதுசு" என்று ஆரம்பித்தார் அவர். "பக்கத்துல நின்னு கேட்டேன். குழந்தை தூங்கற மாதிரி ஓடுது. கோளாறு உங்க மைக்குலதான் இருக்கணும்."

"எங்க மைக்குல கோளாறுன்னா அந்தப் பம்ப்பை நிறுத்தினதும் எப்படி சார் சரியாகுது?" என்றார் மேடம். "உங்க பம்ப்புக்கு மரியாதை குடுத்து வாயை மூடிக்குதா?"

கேப்டன் சிரிக்கவில்லை. ஒல்லியான மனிதர், கண்ணுக்குக் கீழே கருவளையம். "நாளை மறுநாள் கிளம்பணும்" என்றார். "தேதியை மாத்த முடியாது. நான் கேட்டுப் பார்த்துட்டேன். நாளைக்குக் காலைல இன்னொரு தடவை அளக்கலாம். அதுக்குள்ள கண்டுபிடிச்சா நல்லது. இல்லேன்னா இப்படியேதான் போகணும்."

வாளியில் சொட்டு விழும் சத்தம் கேட்டது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. மேடம் மேசைக்கு அடியில் என் காலைத் தட்டினார்.

"பம்ப்பை மாத்தியும் சத்தம் மாறல" என்றேன்.

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் இன்ஜினியர்.

"இல்ல சார். அப்போ... சத்தம் பம்ப்ல இல்ல. எந்தப் பம்ப்பும் அந்த அளவு அதிரத்தான் செய்யும். அந்த அதிர்வு கப்பலோட உடம்புக்குப் போகக் கூடாது. போகுது. பம்ப் நிக்கிற இடத்துல ஏதோ இருக்கு."

பம்ப் இரும்புத் தளத்தின்மேல் நேராக உட்காராது. தடித்த ரப்பர்க் கால்கள் நான்கின்மேல் நிற்கும். அதிர்வை ரப்பர் விழுங்கிக்கொள்ளும். மேசைமேல் வைத்த கைப்பேசி அதிர்ந்தால் வீடு முழுக்கக் கேட்கும், தலையணைமேல் வைத்தால் கேட்காது. அந்த அளவு எளிமையான விஷயம்.

"ரப்பர்க் கால் எல்லாம் புதுசு" என்றார் இன்ஜினியர். "மாட்டும்போது நானே பக்கத்துல இருந்தேன். இப்போ பம்ப் மாத்தும்போதும் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரு வெடிப்பு கிடையாது, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. சும்மா மின்னிக்கிட்டு இருக்கு."

என் வாய்ப்பு முடிந்துவிட்டது என்று தோன்றியது. வெளியே வந்ததும் மேடம், "நல்லாத்தான் சொன்னே" என்றார். நல்லாச் சொல்லி என்ன பயன் என்று நினைத்துக்கொண்டேன். கப்பல் எதிரே கிடந்தது. கறுப்பாக, பாதி தண்ணீரில், ஒரு மிருகம் வெயில் காய்வது போல. ஒரு ஆள் ஏணி வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தார். தலை மறையும்வரை பார்த்தேன். அண்ணன் இல்லை.

வீட்டில் அன்று மாலை எல்லோரும் இருந்தோம். கிளம்புமுன் அண்ணனுக்குக் கிடைத்த கடைசி விடுப்பு. மறுநாள் காலை கப்பலுக்குப் போனால் அவ்வளவுதான்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. டிவி எப்போதும் முழுச் சத்தத்தில் ஓடும். கீழ்வீட்டில் டிவி இல்லை, ஆனால் எல்லாச் செய்தியும் அவர்களுக்குத் தெரியும். காரணம் அப்பாவின் காது. அப்பா பீரங்கிக் கப்பலில் இருந்தவர். பழைய உலகப்போரில் ஓடிய கப்பல், பெரிய நாடு ஒன்று ஓட்டி முடித்துவிட்டு விற்றது. குண்டை ஏற்றிக் கொடுக்கும் வேலை. அந்தக் காலத்தில் யாரும் காதுக்குப் பஞ்சு கூடத் தரவில்லை. அந்தக் கப்பல் ஒரு துறைமுகத்துக்கு முன்னால் போய் நின்றாலே போதும், சுடவே வேண்டாம் என்பார். மரியாதைக் குண்டு போட்டால் கரையில் ஜன்னல் கண்ணாடி நொறுங்குமாம். கண்ணாடிக்காரன் எங்களைப் பார்த்தால் கும்பிடுவான் என்பார்.

பிறகு எங்கோ ஒரு கடலில், மீன்பிடி விசைப்படகு அளவுள்ள ஒரு படகு ஏவுகணை விட்டு ஒரு பெரிய போர்க்கப்பலை மூழ்கடித்தது. பார்வைக்கு எட்டாத தூரத்திலிருந்து. அதற்கப்புறம் பீரங்கிக் கப்பல்களுக்கு மதிப்பில்லை. அப்பாவின் கப்பலை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அண்ணன் முதலில் ஏவுகணைக் கப்பலில் சேர்ந்தான். பயிற்சியில் ஒருமுறை ஏவுகணை விட்டார்கள், அது எங்கே விழுந்தது என்பதைத் திரையில்தான் பார்த்தான். வானத்திலிருந்து செயற்கைக்கோள் பார்க்க ஆரம்பித்ததும் மேலே மிதப்பதே ஆபத்து என்றானது. அண்ணன் தண்ணீருக்கு அடியில் போனான். இனி வரப்போகும் கப்பல்களில் ஆளே இருக்காது என்கிறார்கள். எங்கள் பணியிடக் கொட்டகையில் அப்படி ஒன்று மஞ்சள் நிறத்தில் தொட்டில் போன்ற சட்டத்தில் கிடக்கிறது. அதைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு அப்பா, "ஆளே இல்லேன்னா யாருடி யாருக்கு சல்யூட் அடிப்பா?" என்று கேட்டார்.

அன்றும் அதே பேச்சுதான்.

"கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேக்காது. இது என்னடா கப்பல்?" என்று அப்பா கத்தினார். தனக்குக் கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைப்பவர். "திருடன் மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு போறதுக்கு எதுக்குடா யூனிபார்ம்?"

"நீங்க காதுக்குக் கேட்ட கப்பல்ல இருந்துதான் இப்போ காது கேக்கல" என்றான் அண்ணன்.

"என்ன?"

"சூப் நல்லா இருக்குன்னு சொன்னேன்!"

அண்ணி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அண்ணி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அண்ணன் எங்கே போகிறான், எப்போது வருவான் என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டால் அவன் பொய் சொல்ல வேண்டியிருக்கும், எதுக்கு அவரைக் கஷ்டப்படுத்தணும் என்பாள். நானும் அண்ணனும் வீட்டில் கப்பலைப் பற்றிப் பேசக்கூடாது. அது இரண்டு பேருக்கும் விதி. அப்பாவின் கப்பல் ஆணியாகவும் கதவுக் கொண்டியாகவும் போய் எத்தனையோ வருஷமாயிற்று, அதனால் அவருக்கு மட்டும் விதி இல்லை.

நான் தட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடவில்லை. அண்ணன் ஒருமுறை என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும். அவனுடைய பம்ப்தானே. இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

"ரெண்டு வாரம் முன்னாடி அட்மிரல் வந்தாராமே?" என்றார் அப்பா. "பேப்பர்ல படம் போட்டிருந்தான்."

பேப்பரில் வந்ததைப் பேசலாம். அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"வெள்ளை கிளவுஸ் போட்டுக்கிட்டு வந்தாருப்பா. என் ரூம்ல குனிஞ்சு அடியில எல்லாம் தடவிப் பார்த்தாரு. கிளவுஸ்ல ஒரு பொட்டு அழுக்கு இல்ல. இந்த ரூம் யார் பொறுப்புன்னு கேட்டு என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு."

இதை இரண்டு முறை கத்திச் சொன்ன பிறகு அப்பாவுக்குப் புரிந்தது. மேசையைத் தட்டினார். "என் புள்ளைடா! எங்க கப்பல்ல வாரத்துக்கு ஒரு தடவை பெயின்ட். துரு ஒண்ணு கண்ணுல பட்டா அன்னைக்குச் சாப்பாடு கிடையாது."

"இந்த வீட்டு ஜன்னலுக்கு ஒரு பூச்சு அடிங்கன்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து கெஞ்சறேன்" என்றாள் அண்ணி. "வெள்ளை கிளவுஸ் போட்டுக்கிட்டுக் கேட்டிருக்கணும் போல."

"என் ரூமுக்குப் பெயின்ட் அடிக்கறது பணிமனைப் பெயின்டருங்க வேலைதான்" என்றான் அண்ணன். "அவங்க ஸ்டிரைக்ல இருந்தாங்க. அட்மிரலோ வந்து நிக்கிறாரு. நானும் என் பசங்களும் இறங்கிட்டோம். அப்பா கப்பல் மாதிரியே. ஒரு மூலை விடல. தலையில இருந்து கால் வரைக்கும், மூணு பூச்சு."

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன்.

சும்மா மின்னிக்கிட்டு இருக்கு என்றார் இன்ஜினியர். ரப்பர் மின்னாது. எவ்வளவு புதிதாக இருந்தாலும் ரப்பர் மங்கலாகத்தான் இருக்கும்.

"எந்தக் கால்?" என்றேன்.

அண்ணன் என்னை முறைத்தான். "சாப்பிடு நீ."

"எந்தக் கால் அண்ணா?"

"வீட்டுல பேசக் கூடாது."

"என்னவாம் அவளுக்கு?" என்று அப்பா கத்தினார்.

நான் எழுந்து கதவைத் திறந்து மாடிப்படிக்குப் போனேன். அண்ணன் பின்னாலேயே வந்தான். படியில் யாருடைய செருப்போ கிடந்தது. அதைத் தள்ளிவிட்டு நின்றோம். எனக்குத் தெரிந்து நான் அவனிடம் அவ்வளவு வேகமாகப் பேசியதில்லை.

"ரப்பர்க் காலுக்கும் அடிச்சியா?"

"ஆமா. கறுப்பா, அசிங்கமா இருந்துச்சு. சுத்தி எல்லாம் வெள்ளையா இருக்கும்போது அது மட்டும்..."

"அந்தக் காலுல மேல் தகட்டுக்கும் கீழ் தகட்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும் இல்ல? நகம் நுழையற அளவுக்கு?"

"இருந்துச்சு."

"இப்போ?"

அவன் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தான்.

"அந்தப் பெயின்ட் காய்ஞ்சா கல்லு மாதிரி ஆயிடும்" என்றேன். "மூணு பூச்சு உள்ள இறங்கி இடைவெளியை அடைச்சிருக்கும். ரப்பர் ஒரு பக்கம் சும்மா நிக்குது. பம்ப் நேரா இரும்பு மேல நிக்கற மாதிரிதான். பணிமனைப் பெயின்டருங்க அதுக்குத் தாள் சுத்தி மூடிட்டுத்தான் பிரஷ்ஷையே எடுப்பாங்க. எங்க ரூம்ல படம் ஒட்டியிருக்கு."

"எனக்கு யாரும் சொல்லல" என்றான். அது உண்மை. பணிமனை வேலை நடக்கும்போதெல்லாம் கப்பல்காரர்களைப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். மேலே மிதக்கிற கப்பலில் இதற்கு அவசியமும் இல்லை. அங்கே மின்னாததுதான் குற்றம்.

"நான் மேடத்துக்குப் போன் பண்ணணும் அண்ணா."

"போட்டுக் குடுக்கப் போறியா?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அட்மிரல் கை குலுக்கின கை இது. பேப்பர்ல வேற வந்துடுச்சு. கேப்டன் என்னைக் கரையில நிக்க வச்சுட்டா?"

"நின்னா நில்லு" என்றேன். "போன மாசம் வந்தவங்களைப் பார்த்தேல்ல. அந்த மாதிரி நீ அங்க படுத்துக் கிடக்கறதை நான் பார்க்க முடியாது. கோடு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு நான் இங்க சும்மா உக்காந்திருக்கணுமா?"

அவன் சுவரில் சாய்ந்தான். வீட்டுக்குள் டிவி யாரையோ வாழ்த்திக்கொண்டிருந்தது.

"நீ பண்ண வேண்டாம். நானே கேப்டனுக்குப் பண்றேன்" என்று கைப்பேசியை எடுத்தான்.

அவன் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது. "சார்... பம்ப் விஷயமா சார்... ரப்பர்க் காலுக்குப் பெயின்ட் அடிச்சுட்டோம் சார்... நான்தான் சார்... இல்ல சார், யாரும் சொல்லல, நானே தான்..." என்னைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். "தங்கச்சி கண்டுபிடிச்சா சார்."

பிறகு நீண்ட நேரம் "சரி சார்" மட்டும் சொன்னான். எத்தனை விதமாகச் "சரி சார்" சொல்ல முடியும் என்று அன்று தெரிந்தது.

வைத்ததும், "எல்லாரையும் கூப்பிடறாரு" என்றான். "மெல்லிசா, நீளமா ஏதாவது வேணும். ரம்பத் தகடு இருக்கா வீட்டுல?"

சமையலறைக்குள் போய் ஒரு கத்தியோடு வந்தான். அண்ணி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அது என் ரொட்டிக் கத்தி!"

"நாட்டுக்காகக் குடு."

"நாடு வேற கத்தி வாங்கிக்கட்டும்!"

அதற்குள் அவன் இரண்டு மாடி இறங்கியிருந்தான். அப்பா வாசலுக்கு வந்து, "எங்கடா ஓடறான்?" என்றார். "பெயின்ட்டைச் சுரண்டப் போறாரு" என்று அண்ணி அவர் காதில் கத்தினாள். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. அப்பாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அடிச்ச பெயின்ட்டைச் சுரண்டறதா? இது என்ன கடற்படைடி?"

மறுநாள் காலை மேடம் எனக்கு முன்பே வந்திருந்தார்.

"வீட்டுல கப்பலைப் பத்திப் பேசினியா?"

"பெயின்ட்டைப் பத்திதான் மேடம் பேசினோம்."

"ம்" என்றார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

பெயின்ட்தான் காரணம் என்று நான் சொன்னது ஒரு ஊகம். கோடு மறுபடி இருந்தால், அண்ணனையும் அவன் ஆட்களையும் ராத்திரி முழுக்கச் சும்மா சுரண்டவைத்ததுதான் மிச்சம். அதற்கப்புறம் வேறு வாய்ப்பும் இல்லை. மறுநாள் கிளம்பிவிடுவார்கள். ஹெட்போனை மாட்டினேன்.

"அம்மா, கப்பல் முங்கிடுச்சு" என்றது ஸ்பீக்கர். "சுத்தி ஒரு படகு இல்ல. இஞ்சினை அணைச்சுட்டேன். நானும் வாயை மூடிக்கறேன்."

"அது நடந்தா உலக அதிசயம்" என்றார் மேடம்.

ஆனால் உண்மையிலேயே மூடிக்கொண்டார்.

அருவி விழுந்துகொண்டிருந்தது. தூறல். நான் கோடு வரும் இடத்தையே பார்த்தேன். கண் எரிந்தது, சிமிட்டவில்லை. எங்கோ தூரத்தில் ஒரு பெரிய சரக்குக் கப்பல் போவது தெரிந்தது. கரைக்குப் பக்கத்தில் அலை உடைவது தெரிந்தது. கோடு வரவில்லை. கப்பல் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். காத்திருந்தேன். மேடம் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் இவ்வளவு லேட்?" என்றார் மெதுவாக.

"தெரியல மேடம். இன்னும் வரல."

இன்னும் காத்திருந்தோம். கடைசியில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"என்னம்மா, பேச்சையே காணோம்? அவங்க தாண்டிப் போயி மேலயே வந்துட்டாங்களே. என் படகுக்குப் பக்கத்துலதான் நிக்கறாங்க."

மேடம் மைக்கைப் பிடுங்கினார். "பம்ப் ஓடிச்சான்னு கேளுங்க."

"ஓடிச்சாம். ரெண்டும் ஓடிச்சாம்."

"முழு வேகத்துலயா?"

"அதையும் கேட்டேன், நான் என்ன பச்சைக் குழந்தையா? முழு வேகம்தானாம்."

மேடம் என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை வரச் சொல்லு" என்றார். அவர் அப்படித்தான். நல்ல செய்தியைக் கூட ஒருமுறை கேட்டால் நம்ப மாட்டார்.

இன்னொரு தடவை வந்தார்கள். இந்த முறை எப்போது தாண்டிப் போகிறார்கள் என்பதை முன்பே சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் மைக்குகளுக்கு நேர் மேலே இத்தனை டன் இரும்பும், இத்தனை ஆட்களும், ஓடுகிற இரண்டு பம்ப்பும், என் அண்ணனும் போகிறார்கள். ஹெட்போனில் கடல் மட்டும் இருந்தது.

"பாஸ்" என்றார் மேடம்.

ரேடியோ படகின் ஹாரனை அழுத்திவிட்டார். ஹெட்போனைக் கழற்றாமல் இருந்த எனக்குக் காது போய்த் திரும்பி வந்தது. திரை முழுக்க வெள்ளை. மேடம் அவரைத் திட்டிக்கொண்டே சிரித்தார். நான் எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவ முகம் ஈரமாகிக்கொண்டே இருந்தது. பிறகு குழாயை மூடிவிட்டு அங்கேயே சிமென்ட் தரையில் உட்கார்ந்துகொண்டேன். பசித்தது. முந்தின நாளிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மதியம் துறைமுக மேடையில் அண்ணனைப் பார்த்தேன். அறிக்கை கொடுக்க மேடம் என்னை அனுப்பியிருந்தார். தலைமுடியெல்லாம் வெள்ளைச் செதில். விரல் நுனிகளில் பிளாஸ்திரி. அவனோடு இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். கேப்டன் உட்பட. எல்லோரும் அவனைப் "பெயின்டரே" என்று கூப்பிட்டார்கள். இனி கப்பலில் அவன் பிரஷ் என்ற பொருளைப் பல் விளக்கத் தவிர வேறெதற்கும் தொடக்கூடாது என்பது கேப்டனின் உத்தரவாம். கரையில் நிறுத்தவில்லை.

"கேட்டுச்சா?" என்றான்.

"இல்ல."

"நல்லாக் காதை வச்சுக் கேட்டியா?"

"கேட்டேன்."

"ரெண்டாவது தடவை நான் தும்மினேன்."

"கேக்கல."

"பெரிய தும்மல்."

"கேக்கல அண்ணா."

அவன் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். செதில் கொஞ்சம் என் மேலும் விழுந்தது. உள்ளேயிருந்து யாரோ "பெயின்டரே!" என்று கத்தினார்கள், போய்விட்டான்.

அடுத்த நாள் அவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்று எங்களுக்கும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். நான் காலையிலிருந்து ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். மேடம் அதைப் பார்த்தார், வேறு வேலை கொடுக்கவில்லை. ஒரு மீன்பிடிப் படகு போனது. இழுவைப் படகு ஒன்று இரண்டு முறை வந்துபோனது. ஒரு மணல் கப்பல், நங்கூரச் சங்கிலி இழுபட. அவை எல்லாவற்றுக்கும் கோடுகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே தூறல்.

சாப்பாட்டு நேரத்தில் வாசல் காவலரிடம் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணி நான்கு முறை கூப்பிட்டிருந்தாள். என்றைக்கும் கூப்பிடாதவள். நான் அழைத்தேன். பின்னால் மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது.

"கேக்கக் கூடாதுன்னு தெரியும்" என்றாள். "ஆனா கேக்கறேன். கிளம்பிட்டாங்களா?"

"தெரியல அண்ணி."

"சொல்லக் கூடாதா?"

"இல்ல அண்ணி, நிஜமாவே தெரியல. காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். போனாங்களா, இன்னும் போகலையா, எனக்கே தெரியல."

இருமல் மருந்துக்காரர் மறுபடி கேட்டார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

"உன் காதுக்கே தெரியலையா?"

"எனக்கே தெரியல."

அவள் மூச்சை விடுவது கேட்டது. நீளமாக, எங்கேயோ நேற்றிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு.

"அப்பாடா" என்றாள். பிறகு, "சாப்பிட்டியா? இல்லேன்னா போய்ச் சாப்பிடு முதல்ல" என்று சொல்லிவிட்டு, இருமல் மருந்தை எடுக்கப் போனாள்.